உறுப்புகளால் மென்பொருள் சமைத்தல்: ஒரு நெடிய முயற்சியின் ஆராய்ச்சி

ஒரு முறை எழுதி, சோதித்து, பிழை களைந்து வைத்த நிரற்பகுதியை அடுத்து வரும் காரியங்களுக்கெல்லாம் எடுத்தாள முடியுமானால், ஒவ்வொரு முறையும் அடித்தளத்திலிருந்து தொடங்க வேண்டிய பிரயாசை ஒழியும் என்பதும், பலர் கையில் பல்லாண்டு புழங்கித் தேறிய பகுதி நேற்று எழுதிய பகுதியைவிட நம்பத்தக்கதாக இருக்கும் என்பதும், மின்னணுக் கணிப்பொறி தோன்றிய காலந்தொட்டே அத்துறை அறிஞர் உள்ளத்தில் வேரூன்றியிருந்த எண்ணங்கள். இவற்றுள் முதலாவது இன்று பெரும்பாலும் நிறைவேறிவிட்டது. ஒரு சாதாரணக் கைபேசிச் செயலியைப் பிரித்துப் பார்த்தால், அதை விற்பவர் எழுதிய வரிகளைவிட, அவர் முகமறியாத பிறர் எழுதி அவர் எடுத்துச் சேர்த்த வரிகளே மிகுந்திருக்கும். இரண்டாவது எண்ணமோ சில நிபந்தனைகளுக்கு உட்பட்டே மெய்யாயிற்று. அந்நிபந்தனைகள் யாவை, அவற்றை முன்னோர் தெளிவாகக் கூறியிருந்தும் பின்வந்தோர் ஏன் திரும்பத் திரும்ப மறந்தனர் என்பதே இக்கட்டுரையின் விசாரணை. தனக்கென ஒரு காரியமும், வெளியார் தன்னை அணுகுவதற்கென வரையறுத்த ஓர் இடைமுகமும் உடைய நிரற்பகுதியை உறுப்பு என்று இங்கே குறிப்பிடுகிறேன்.

இம்முயற்சியின் முதல் அத்தியாயம் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. மாரிஸ் வில்க்ஸ் தலைமையில் அங்கே உருவான எட்சாக் என்னும் கணிப்பொறி 1949 மே மாதத்தில் முதன்முதலாக ஓடத் தொடங்கியதும், நிரல் எழுதுவது எத்துணைப் பிழை மலிந்த தொழில் என்பது அவர்களுக்கு விரைவிலேயே தெரியவந்தது. வர்க்கமூலம் காண்பது, முக்கோணவியல் சார்புகளைக் கணிப்பது, எண்களை அச்சிடுவது முதலான பொதுக் காரியங்களுக்குரிய துணைநிரல்களைத் துளையிட்ட காகித நாடாக்களில் பதித்து, வகைப்படுத்தி அலமாரியில் அடுக்கி, வேண்டியவர் எடுத்துத் தம் நாடாவில் பிரதி செய்துகொள்ளும் ஏற்பாட்டை அவர்கள் செய்தனர். நிரலின் எந்த இடத்திலிருந்து அழைத்தாலும், தன் வேலை முடிந்ததும் அழைத்த இடத்திற்கே திரும்பிச் செல்லும் உபாயத்தைத் துணைநிரலுக்கு வகுத்துத் தந்தவர் டேவிட் வீலர். அவரும் வில்க்ஸும் ஸ்டான்லி கில்லும் சேர்ந்து 1951-இல் வெளியிட்ட நூல் நிரலாக்கத்திற்கென வந்த முதற்பாடநூல்களுள் ஒன்று. ஆயினும் என் கருத்தில், வீலர் 1952-இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில் அடங்கியிருக்கும் எண்ணமே அந்நூலினும் ஆழமானது. துணைநிரலை எழுதுவதும் சோதிப்பதும் முடிந்த பிறகு, அதன் உட்புறத்தை அறியாத ஒருவரும் எளிதில் பயன்படுத்துமாறு அதை விவரித்து எழுதும் கடமை எஞ்சி நிற்கிறதென்றும், அனைத்திலும் கடினமானது அதுவே ஆகலாமென்றும் அவர் கூறினார். உறுப்பைச் செய்வதைக் காட்டிலும், அது எவற்றை முன்கூட்டி நம்பி நிற்கிறது என்பதை வெளியே சொல்வதே அரிது என்ற இந்த உண்மை, அத்துறை மூன்று வயதுக் குழந்தையாக இருந்த காலத்திலேயே சொல்லப்பட்டுவிட்டது என்பதை வாசகர் நினைவில் வைத்தல் வேண்டும்.

ஐபிஎம் நிறுவனத்தின் 704 என்னும் பொறியை வாங்கிய அமெரிக்க விமானத் தொழிற்சாலைகள் முதலியவை 1955-இல் ஷேர் என்னும் சங்கத்தை நிறுவி, தாம் எழுதிய நிரல்களைத் தம்முள் பரிமாறிக்கொண்டன. போட்டியாளர்களாக இருந்தும் அவர்கள் அவ்வாறு செய்ததற்குக் காரணம், ஒரே வேலையைத் தனித்தனியே செய்யும் செலவைத் தாங்க முடியாமையே.

இவ்வெண்ணத்தைத் தொழில் முறையாக உயர்த்த வேண்டும் என்ற குரல் 1968 அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ கூட்டிய மாநாட்டில் எழுந்தது. பெல் ஆய்வுக்கூடத்தைச் சார்ந்த டக்ளஸ் மெக்கில்ராய் அங்கே படித்த கட்டுரை, மென்பொருள் உறுப்புகளைப் பெருவாரியாக உற்பத்தி செய்து பட்டியலிட்டு விற்கும் ஒரு கிளைத்தொழில் தோன்ற வேண்டுமென வாதித்தது. அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் எளியது: சைன் என்னும் முக்கோணவியல் சார்பைக் கணிக்கும் துணைநிரல். அது ஒன்றாக இருந்தால் போதாது; நுட்பம் மிகுந்தது, நுட்பம் குறைந்து வேகம் மிகுந்தது, நினைவகத்தைச் சிக்கனமாகக் கொள்வது, தவறான உள்ளீடு வந்தாலும் தடுமாறாதது என்றவாறு ஒரு குடும்பமே இருக்க வேண்டும்; வாங்குபவர் தம் தேவைக்கேற்ற ஒன்றைப் பட்டியலிலிருந்து பொறுக்கி, அதன் தரத்தைப் பற்றி ஐயமின்றித் தம் நிரலில் பொருத்த வேண்டும் என்பது அவர் கனவு. அவர் கண்ட சந்தை அவர் கண்ட வடிவில் உருவாகவில்லை. ஆனால் சிறிய கருவிகளை ஒன்றன் வெளியீடு மற்றொன்றின் உள்ளீடாகுமாறு கோக்கும் குழாய் முறையை யூனிக்ஸ் இயங்குதளத்தில் சேர்க்க வேண்டுமென விடாது வற்புறுத்தியவரும் அவரே. கென் தாம்சன் 1973-இல் அதைச் செய்து முடித்தார். வரிவரியாக ஓடும் வெறும் எழுத்தே எல்லாக் கருவிகளுக்கும் பொது இடைமுகம் என்ற அந்த எளிய நியதி, இன்றுவரை அழியாமல் நிலைத்திருக்கிறது.

உறுப்புகளை எவ்வாறு வகுப்பது என்ற கேள்விக்கு, என் மதிப்பீட்டில், இதுகாறும் கிடைத்த விடைகளில் தலைசிறந்தது டேவிட் பார்னஸ் 1972-இல் வெளியிட்ட கட்டுரையே. அவர் ஒரு சிறு கணக்கை எடுத்துக்கொண்டார். தலைப்பு வரிகள் பல கொடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு வரியிலும் முதற்சொல்லை எடுத்துக் கடைசியில் வைத்து, அவ்வாறே சுழற்றிச் சுழற்றிக் கிடைக்கும் வரிகளையெல்லாம் அகர வரிசைப்படுத்தி ஒரு சொல்லடைவு தயாரிக்க வேண்டும். யாரும் முதலில் நினைப்பது போல, படித்தல், சுழற்றுதல், வரிசைப்படுத்துதல், அச்சிடுதல் எனக் காரியம் நடக்கும் ஒழுங்கிலேயே அதைக் கூறிடலாம். அப்படிக் கூறிட்டால், வரிகளை நினைவகத்தில் எவ்வாறு அடுக்கி வைத்திருக்கிறோம் என்பது எல்லாப் பகுதிகளுக்கும் தெரிந்திருக்கும். நாளை அந்த அடுக்கை மாற்ற வேண்டி வந்தால் எல்லாவற்றையும் திருத்த வேண்டி வரும். பார்னஸ் காட்டிய மற்றொரு வழியில், பிற்காலத்தில் மாறக்கூடிய ஒவ்வொரு தீர்மானமும் ஒரே ஓர் உறுப்பின் அந்தரங்கமாக ஒளித்து வைக்கப்படுகிறது. வரிகள் அடுக்கப்பட்ட விதம் வரிகளைக் காக்கும் உறுப்புக்கு மட்டுமே தெரியும், மற்றவை அதனிடம் கேட்டே பெற்றுக்கொள்ளும். இரண்டு வழியிலும் விளையும் பயன் ஒன்றே. மாறுதல் வரும் நாளில்தான் இரண்டுக்கும் உள்ள பேதம் புலப்படும். ஐபிஎம்மின் மாபெரும் இயங்குதளத்தைக் கட்டிய அனுபவசாலியான ஃபிரெட் புரூக்ஸ், எல்லோரும் எல்லாவற்றையும் அறிந்திருப்பதே நலம் என்ற நோக்கில் 1975-இல் வெளியிட்ட நூலில் இக்கொள்கையை ஏற்க மறுத்தார். இருபது ஆண்டு கழித்து அந்நூலின் மறுபதிப்பில், பார்னஸ் சொன்னதே சரியென்றும் தாம் கொண்டது தவறென்றும் வெளிப்படையாக எழுதினார். அறிவுலகில் இத்தகைய நேர்மை அரிதாகவே காணக் கிடைக்கிறது.

அதே காலத்தில் மொழிகளும் இக்கொள்கைக்குத் துணை நின்றன. நார்வேயில் டாலும் நிகார்டும் ஆக்கிய சிமுலா 67, அமெரிக்காவின் எம்ஐடியில் பார்பரா லிஸ்கோவ் வழிநடத்திய க்ளூ, ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் பிறந்த ஸ்மால்டாக் ஆகியவை, தரவையும் அதன்மேல் செய்யத்தக்க செயல்களையும் ஒரே உறைக்குள் வைக்கும் பழக்கத்தை நிலைநாட்டின. 1980-களில் பிராட் காக்ஸ், மின்னணுச் சில்லுகளைப் போல மென்பொருளையும் பொருத்தி எடுக்கலாமென்று பெரும் ஆர்வத்தோடு பிரசாரம் செய்தார். ஆனால் பொருள்நோக்கு என்று பெயர்பெற்ற இம்முறை பரவிய அளவுக்கு மறுபயன்பாடு பரவவில்லை. ஏனெனில் ஒரு வகுப்பிலிருந்து மற்றொன்றைப் பிறப்பிக்கும் மரபுரிமை, தாயின் உட்புற ரகசியங்களைச் சேயும் அறிந்திருக்குமாறு செய்து, பார்னஸ் மூடிய கதவைப் பின்வழியாகத் திறந்துவிட்டது. 1990-களில், உறுப்புகளை ஒன்றோடொன்று இணைப்பதற்கென கார்பா, காம் முதலிய ஏற்பாடுகள் பெருநிறுவனங்களின் ஆதரவில் வந்தன. அவற்றுள் பலவும் தம் சிக்கலாலேயே ஒதுங்கிப்போக, விஷுவல் பேசிக்குக்கென விற்கப்பட்ட அட்டவணை, வரைபடம், நாட்காட்டி போன்ற சிறு உறுப்புகள் மட்டும் மெக்கில்ராய் கண்ட சந்தைக்குச் சற்றே அணுக்கமான ஒன்றைச் சில ஆண்டு நடத்திக் காட்டின.

இனிச் செலவைப் பற்றிக் கூற வேண்டும். இங்கேதான் பல நிர்வாகிகள் ஏமாந்தனர். தனக்கு மட்டும் பயன்படும் ஒரு நிரலைப் பிறரும் பயன்படுத்தத்தக்க பண்டமாக்க மும்மடங்கு உழைப்பு வேண்டும், ஒரு பெருந்தொகுதியில் பிறவற்றோடு பொருந்துமாறு செய்ய மற்றொரு மும்மடங்கு வேண்டும், இரண்டும் சேர்ந்தால் ஒன்பது மடங்கு என்று புரூக்ஸ் கணக்கிட்டார். மூன்று வெவ்வேறு காரியங்களில் வைத்துப் பார்க்கும்வரை ஓர் உறுப்பைப் பொதுவானது என்று நம்பக்கூடாது என்பது தொழில் அறிந்தோர் வழங்கிவரும் விதி. முதற்காரியத்தின் காலக்கெடுவுக்குள்ளேயே பொது உறுப்பும் கிடைத்துவிட வேண்டுமென எதிர்பார்க்கும் நிறுவனம், இரண்டையும் இழப்பதே வழக்கம்.

ஆயத்தமாகக் கிடைக்கும் உறுப்புகளைக் கோப்பதிலும் மறைந்த செலவு உண்டு என்பதை யாவரும் அறியச் செய்தவர்கள் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் டேவிட் கார்லனும் அவர் தோழர் இருவரும். ஒரு வடிவமைப்புக் கருவியைக் கட்ட அவர்கள் நான்கு உறுப்புகளைத் தேர்ந்தனர்: ஒரு தரவுத்தளம், ஒரு திரைக்காட்சித் தொகுப்பு, செய்தி பரப்பும் ஓர் அமைப்பு, தொலை அழைப்புக்கான ஒரு கருவி. நான்கும் பலர் பயன்படுத்தித் தேறியவை. மூலநிரலும் கையில் இருந்தது. கோத்தவர்களும் திறமையில் குறைந்தவர்கள் அல்லர். ஆறு மாதத்தில் ஓராள் ஆண்டு உழைப்பில் முடியும் என்று அவர்கள் மதிப்பிட்ட வேலை, இரண்டு ஆண்டும் ஏறத்தாழ ஐந்து ஆள் ஆண்டு உழைப்பும் விழுங்கியதோடு, மந்தமாக ஓடும் பருத்த நிரலாகவும் முடிந்தது. 1995-இல் அவர்கள் எழுதிய கட்டுரை அதன் காரணத்தை ஆராய்ந்தது. நிகழ்ச்சிகளின் போக்கைத் தானே நடத்துவதாக ஒவ்வோர் உறுப்பும் எண்ணிக்கொண்டிருந்தது. தரவின் வடிவம் பற்றியும், எது முதலில் கட்டப்படும் என்பது பற்றியும் ஒவ்வொன்றும் தனித்தனி அனுமானம் கொண்டிருந்தது. அந்த அனுமானங்களில் எதுவும் எந்த ஆவணத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை. வீலர் 43 ஆண்டுகளுக்கு முன் அஞ்சியது இதைத்தான்.

எழுதப்படாத அனுமானம் பணத்தோடு நில்லாமல் பேரழிவாகவும் முடியும் என்பதற்கு ஏரியன் 5 ஏவுகலத்தின் முதற்பயணமே சாட்சி. 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ தளத்திலிருந்து, ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் நான்கு க்ளஸ்டர் ஆய்வுக்கோள்களைச் சுமந்து எழும்பிய அந்தக் கலம், 40 விநாடி அளவில் சிதறி அழிந்தது. அதன் திசையறி கருவியின் மென்பொருள், வெற்றி மேல் வெற்றி கண்ட ஏரியன் 4-லிருந்து எடுத்தாளப்பட்டது. கிடைத்திசை வேகத்தோடு தொடர்புடைய ஒரு 64 பிட்டு எண்ணை 16 பிட்டு முழு எண்ணாக மாற்றும் இடத்தில், பழைய கலத்தின் பாதையில் அந்த எண் எல்லை மீறாது என்ற கணிப்பால் பாதுகாப்புச் சேர்க்கப்படவில்லை. செயலியின் வேலைப்பளுவை வரம்புக்குள் வைக்க வேண்டியிருந்ததால், அபாயத்திற்கு இடமுள்ள ஏழு மாறிகளில் நான்கையே பாதுகாத்து மூன்றை விட்டிருந்தனர். புதிய கலமோ தொடக்கத்திலேயே கிடைத்திசையில் மிக வேகமாகச் சென்றது; எண் எல்லை மீறிற்று; மாற்றுக்கருவியும் அதே மென்பொருளை உடையதாதலால் ஒரு கணம் முன்பே அதே விதமாக நின்றுபோயிருந்தது. கருவி அனுப்பிய பிழைக்குறிப்பைப் பறத்தல் தரவாகக் கொண்ட பிரதானக் கணினி, எஞ்சின் முனைகளை முழுவதுமாகத் திருப்பிவிட்டது. இதில் நெஞ்சை வருத்துவது, பிழை நேர்ந்த அந்தப் பகுதி ஏவுதலுக்குப் பின் ஏரியன் 5-க்கு எவ்விதப் பயனும் அற்றது என்பதே. ஏவுதல் இடைநின்றால் விரைவில் மீண்டும் தொடங்குவதற்கென்று பழைய கலத்தில் வைத்திருந்ததைப் புதியதிலும் விட்டுவைத்தனர். ழாக்-லூயி லியோன்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு, அந்த மாறிகளைப் பாதுகாக்காமல் விட்டதற்கான காரணம் மூலநிரலில் எழுதப்பட்டிருக்கவில்லை என்றும், புதிய கலத்தின் பாதை விவரம் கருவியின் தேவை ஆவணத்திலேயே இடம்பெறவில்லை என்றும் கண்டறிந்தது. உறுப்பு கெட்டுப்போகவில்லை, அது பிறந்த சூழல் மாறியது. பழைய இடத்தில் பெற்ற வெற்றி புதிய இடத்தில் சான்றாகாது என்னும் இந்தப் பாடத்தை, 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் நோயாளிகளை அளவுக்கு மீறிய கதிர்வீச்சால் தாக்கிய தெராக் 25 சிகிச்சைக் கருவி, உயிர்களைப் பலிகொண்டு முன்னரே உணர்த்தியிருந்தது. முந்தைய கருவியின் நிரற்பகுதிகளை அது எடுத்துக்கொண்டது. அக்கருவியில் பிழைகளைத் தடுத்து நின்ற இயந்திரப் பூட்டுகளை எடுத்துக்கொள்ளவில்லை.

இவற்றைக் கேட்டு, உறுப்பு முறையே வீண் என்று முடிவு செய்தல் பெருந்தவறாகும். அனுமானங்கள் தெளிவாகச் சொல்லப்பட்ட இடங்களில் அது அடைந்த வெற்றி வியக்கத்தக்கது. அணிகளையும் திசையன்களையும் கையாளும் அடிப்படைச் செயல்களுக்கு 1979 தொடங்கி வகுக்கப்பட்ட ப்ளாஸ் என்னும் இடைமுகம் இன்றும் உயிரோடிருக்கிறது. புதுச் செயலி ஒவ்வொன்றும் வரும்போது உட்புறம் முழுவதும் மாற்றி எழுதப்பட்டாலும், மேலே நிற்கும் லாபேக் போன்ற தொகுப்புகளும் அவற்றை நம்பிய விஞ்ஞானிகளும் அதை உணரவேண்டிய தேவையே எழுவதில்லை. கணிதம் தன் நிபந்தனைகளைச் சொல்லிவிட்டே பேசும் சாஸ்திரமாதலால் அங்கே இது சாத்தியமாயிற்று. ரிச்சர்ட் ஹிப் 2000-இல் தொடங்கிய எஸ்க்யூலைட் என்னும் சிறு தரவுத்தளம் ஏறக்குறைய ஒவ்வொரு கைபேசியிலும் குடியிருக்கிறது. அதன் சோதனை நிரல்கள் உறுப்பைக் காட்டிலும் பன்னூறு மடங்கு பெரியவை.

தமிழ் வாசகர் தம் அனுபவத்திலேயே கண்ட சான்று ஒன்றும் உண்டு. 1990-களில் கணினியில் தமிழ் எழுத வந்த நிறுவனம் ஒவ்வொன்றும் தனக்கென ஓர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டு முறையும் வைத்துக்கொண்டதால், ஓர் அச்சகத்தில் தட்டச்சு செய்த கோப்பு மற்றோர் அச்சகத்தில் பொருளற்ற குறிகளாகத் தெரிந்தது. நல்ல நிரல்கள் இருந்தும் ஒன்றோடொன்று சேரவில்லை. 1999-இல் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாடு பொது விசைப்பலகையையும் பொதுக் குறியீட்டையும் பரிந்துரைத்தது. பின்னர் யூனிகோடு நிலைபெற்றது. இடைமுகம் ஒன்றான பின்பு, ககரத்தின் இருபுறமும் கொம்பும் காலும் நிறுத்தி ‘கொ’ என்று காட்டும் வேலையை, ஹார்ஃபஸ் என்ற ஒரே திறந்தமூல உறுப்பு ஆண்ட்ராய்டிலும் குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் லிபர்ஆபிஸிலும் செய்து தருகிறது. அதில் ஒரு பிழை திருந்தினால் அத்தனை இடங்களிலும் தமிழ் திருந்துகிறது. இந்த நூற்றாண்டில் தமிழுக்கு வாய்த்த பெருநன்மைகளுள் இதனையும் ஒன்றாகவே நான் எண்ணுகிறேன்.

மெக்கில்ராயின் சந்தை விலைபேசும் வணிகமாக வராவிடினும், விலையில்லாப் பொதுச்சொத்தாக வந்தது. பெர்ல் மொழிக்கு 1995-இல் தோன்றிய சீபான் களஞ்சியத்தைப் பின்பற்றி மொழிக்கு ஒன்றாகக் களஞ்சியங்கள் எழுந்தன. ஜாவாஸ்கிரிப்டுக்கென 2010-இல் தொடங்கிய என்பிஎம் பத்தாண்டு நிறையுமுன் பத்து இலட்சம் பொதிகளைக் கடந்தது. ஒரு கட்டளையில் உறுப்பு வந்து சேரும். அது நம்பிய உறுப்புகளும், அவை நம்பியவையும் உடன் வரும். எளிமை வளர வளர, எது உறுப்பாகத் தகும் என்ற விவேகம் தளர்ந்தது. 2016 மார்ச் 22 அன்று, பெயர் பற்றிய ஒரு பிணக்கில் மனம் நொந்த ஆசிரியர் ஒருவர் தம் பொதிகளை அக்களஞ்சியத்திலிருந்து நீக்கினார். அவற்றுள் ஒன்று, சொல்லின் இடப்புறம் வெற்றிடம் சேர்க்கும் 11 வரி நிரல். அதைத் தாம் பயன்படுத்துவதே அறியாத ஆயிரமாயிரம் திட்டங்கள் அன்று கட்டமைக்க இயலாது நின்றன. பதினொரு வரிக்காக வெளியாரை நம்புவதைவிட அதைத் தானே எழுதிக்கொள்வது நலம் என்பாரும், எத்தனை சிறியதாயினும் ஒரே இடத்தில் செம்மையாக இருப்பதே நலம் என்பாரும் உளர். உள்ளே மறைக்கத்தக்க தீர்மானம் எதுவும் இல்லாதது உறுப்பாகும் தகுதி இல்லாதது என்று பார்னஸின் அளவுகோலைக் கொண்டு நான் முதல் கட்சியையே சார்கிறேன்.

இதனினும் கனமான கேள்வி, உறுப்பைக் காப்பவர் யார் என்பது. இணையப் பரிமாற்றங்களைக் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் உறுப்பில், நினைவக ரகசியங்களைக் கசியவிடும் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை 2014 ஏப்ரலில் வெளிப்பட்டபோது, உலகத்து வணிகத்தில் பெரும்பகுதி சார்ந்திருந்த அந்த உறுப்புக்கு முழுநேரப் பணியாளர் ஒருவரே இருந்தார் என்பதும் உடன் வெளிப்பட்டது. 2021 டிசம்பரில் ஜாவா நிரல்களின் பதிவேட்டு உறுப்பான லாக்4ஜேயில், அனுப்பப்பட்ட செய்தியையே கட்டளையாக்கிக்கொள்ளும் குறை தெரியவந்தது. அதனைத் திருத்தப் போராடியவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர், அதை நம்பியிருந்தவையோ உலகின் மாபெரும் நிறுவனங்கள். அந்நிறுவனங்களில் பலவற்றுக்கு அவ்வுறுப்பு தம்மிடம் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற, தரவைச் சுருக்கும் உறுப்பில் நிகழ்ந்தது இவற்றினும் கொடியது. சோர்ந்துபோயிருந்த தனிப் பராமரிப்பாளருக்கு உதவுவதாக வந்து, இரண்டு ஆண்டுக்கு மேல் உழைத்து நம்பிக்கை பெற்ற ஒரு முகமறியாக் கணக்கு, அதில் ரகசியக் கதவொன்றை வைத்தது. தொலைநுழைவு அரை விநாடி தாமதமாவதைப் பொறுமையாக ஆராய்ந்த ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்னும் பொறியாளரின் கூர்மையால் அது பெரிதும் பரவுமுன் பிடிபட்டது. பராமரிப்பாளரின் தனிமையே இங்கே தாக்குதலுக்கு வாயிலாயிற்று.

இந்த அனுபவங்களுக்குப் பின், ஒரு மென்பொருளில் அடங்கிய உறுப்புகளின் பட்டியலை உடன் தர வேண்டும் என்ற நியதி உருவாகி வருகிறது. அமெரிக்காவில் 2021 மே மாதத்து அரசாணை அதை வலியுறுத்தியது. இந்தியாவில் செர்ட்-இன் அமைப்பு 2024-இல் அதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. பட்டியல் அவசியமே; ஆயினும் பெயரும் பதிப்பெண்ணும் மட்டும் உள்ள பட்டியல், உறுப்பு எங்கிருக்கிறது என்பதைச் சொல்லுமேயன்றி, எந்தச் சூழலை நம்பி அது எழுதப்பட்டது என்பதைச் சொல்லாது. ஏரியன் 5-இல் அந்த மென்பொருள் இருந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது.

ஆண்டுதோறும் நம் பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு மாணவர் திட்டப்பணி என்ற பெயரில், எவரும் பயன்படுத்தப்போகாத புது நிரல்களை எழுதி, மதிப்பெண் பெற்றதும் கைவிடுகின்றனர். அவ்வுழைப்பில் ஒரு பகுதியையேனும், தாமும் உலகமும் அன்றாடம் நம்பியிருக்கும் ஏதேனும் ஓர் உறுப்புக்குச் சோதனைகள் எழுதவும், அதன் எழுதப்படாத அனுமானங்களைத் தேடி ஆவணமாக்கவும், அதனைத் தனியே காத்து நிற்பவருக்கு நேர்மையான துணையாகவும் திருப்புமாறு ஆசிரியப் பெருமக்களையும், பாடத்திட்டம் வகுக்கும் பல்கலைக்கழகங்களையும் வேண்டிக்கொள்கிறேன்.